கீறல் இல்லாத கட்டைவிரல்

எங்கள் தெருவில் எனக்கு ‘முத்து சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது சீனிவாசன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் அப்பா மாநில அரசுக் குமாஸ்தாவாக இருந்து கட்டிய வீட்டில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிறேன். நான் சிப்பி ஆராய்ச்சி செய்கிறவன் என்று யாரோ ஒரு நாள் சொல்லிவிட, சிப்பி என்றால் முத்து என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுத் தாமோதரன் மட்டும் நேரடியாக விசாரித்தார்.

“உங்க சிப்பியில முத்து வராதா சார்?”

“வராது. அது வேற வகை.”

“அப்போ திங்கறதுக்கா?”

“திங்கலாம். ஆனா எங்க வேலை அது இல்ல. அழிஞ்சுபோன சிப்பிப் படுகைய மறுபடி உண்டாக்கறது.”

“நீங்க தின்னு பாத்திருக்கீங்களா?”

“இல்ல. நாங்க சைவம்.”

தாமோதரன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை, பணி ஓய்வு விழாவில் எனக்குச் சால்வை போர்த்திய இயக்குநரின் கண்ணில்கூட நான் பார்க்கவில்லை.

முத்து இல்லை, தின்னவும் இல்லை, ஊரில் கடலும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடம் சிப்பி எண்ணினேன். கரையோர ஆராய்ச்சி நிறுவனத்தை ஏன் பெங்களூரில் வைத்தார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தொடங்கியவர்களுக்கு இந்த ஊர் சீதோஷ்ணம் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சிப்பிகளின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இனி எதையும் எண்ணுவதில்லை என்று இருந்தேன். என் மனைவி வனஜா, “முப்பது வருஷம் சிப்பி எண்ணினவருக்கு வீட்டுல எத்தன ஸ்பூன் இருக்குன்னு தெரியாது” என்று விருந்தினர் முன்னால் சொல்வாள். அதற்குக்கூட நான் எழுந்துபோய் எண்ணியதில்லை.

போன மாதம் நந்தினி கூப்பிட்டார். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். வேலூர்க்காரர், கெட்டிக்காரர். என்னைப்போல் இல்லாமல் சிப்பி சாப்பிடுகிறவர்.

“சார், ஒரு ஹெல்ப் வேணும். சிப்பிக் குஞ்சு எண்ணுறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் பண்ணியிருக்கோம். போட்டோ குடுத்தா அதுவே எண்ணிடும். நீங்க வந்து கொஞ்சம் செக் பண்ணிக் குடுக்கணும்.”

“எந்த ஊர்ல போடப்போறீங்க?”

“மொதல்ல மாதேவி ஊர்லதான் சார். அது குடுக்கற நம்பர வச்சுதான் அந்தப் படுகைய இந்த வருஷம் மூடணுமா, தொறந்து விடணுமான்னு சொல்லப்போறோம்.”

மாதேவி என்ற பெயரைக் கேட்டதும் நான் நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். மேற்குக் கரையில் ஒரு ஆற்றுமுகத்தில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் முப்பது சொச்சம் பெண்களுக்குத் தலைவி அவர். மூடினால் அவர்கள் அந்த வருடம் ஆற்றின் மறுகரைக்குப் போய், இழுப்பு அதிகமான தண்ணீரில் நின்று எடுக்க வேண்டும். திறந்தால் வீட்டுக்கு எதிரிலேயே எடுக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஒரு எண் அதைத் தீர்மானிக்கும்: குஞ்சு நிறைய என்றால் வளரட்டும் என்று மூடுவோம், குறைவு என்றால் மூடிப் பயனில்லை. முன்பு ஒரு முறை தீர்மானித்தது. அந்த எண்ணைக் கொடுத்தவன் நான்.

நந்தினி கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். அலுவலக ஆங்கிலத்தில் எழுதினால் ‘மாதிரிகள் எண்ணப்பட்டன’, ‘பிழை நேர்ந்தது’ என்று யாரோ செய்ததுபோல் எழுதித் தப்பித்துவிடுவேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலங்கியல் படித்தேன், வேறு இடம் கிடைக்காததால். கடல் உயிரியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன், வேலை கிடைக்காததால். வேலை கிடைத்தது, எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாததால். ஒரு விஞ்ஞானி உருவாகும் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மற்றதெல்லாம் பாராட்டு விழாவில் சேர்த்துக்கொள்வது.

சேர்ந்த இடத்தில் பத்மாவதி மேடம் இருந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். மைசூர்க் கன்னடம். யாரையும் அதட்டியதில்லை, யாரையும் பாராட்டியதும் இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் இரண்டு முறை துடைப்பார். அவர் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருந்ததற்கு நானும் ஒரு காரணம்.

அவருடைய எண்ணும் முறையைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. சிப்பிக் குஞ்சு பிறந்ததும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீந்தித் திரியும். பிறகு நல்ல இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான், அரசாங்க வேலை கிடைத்தவன் மாதிரி சாகும்வரை நகராது. நல்ல இடம் என்று அது நினைப்பது தன் இனத்தின் செத்த ஓட்டை. அதனால் வெறும் ஓடுகளைச் சேகரித்து, மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, வலைப்பைகளில் கட்டி, ஆற்றுமுகத்தில் தட்டிகளின் மேல் வைப்போம். சில வாரம் கழித்து எடுத்து, ஒவ்வொரு ஓட்டிலும் எத்தனை குஞ்சு ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவோம். படுகை பிழைக்குமா என்பது அந்தக் கணக்கில் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், காலி ஓட்டைத் தேடி வருவது சிப்பி மட்டும் இல்லை. கொட்டலசு என்று ஒன்று உண்டு. படகின் அடியில் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. குஞ்சாக இருக்கும்போது சேறு படிந்த ஈர ஓட்டின் மேல் இரண்டும் வெளிறிய பொட்டு மாதிரிதான் இருக்கும். கண் ஏமாறும். விரல் ஏமாறாது. கட்டைவிரலை வைத்து இழுத்தால் சிப்பிக் குஞ்சு நகம்போல் வழுக்கிவிடும். கொட்டலசு பிடித்து நிறுத்தும், கொஞ்சம் கிழிக்கவும் செய்யும்.

மேடத்தின் விதி இது. ஒவ்வொரு பை ஓட்டையும் இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒரே நேரத்தில் இல்லை, ஒரே அறையில் இல்லை. எண்ணியவர் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, மேடத்தின் மேஜையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். மற்றவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. மாலையில் அவர் இரண்டு சீட்டையும் பிரிப்பார். இரண்டும் பெரிதாக வித்தியாசப்பட்டால், “இன்னொம்மெ எணிஸி” என்பார். இன்னொரு தடவை எண்ணுங்கள். சின்ன வித்தியாசம் என்றால் ஏற்றுக்கொள்வார். இரண்டும் அப்படியே ஒத்துப்போனால்தான் கண்ணாடியைக் கழற்றுவார்.

சேர்ந்த புதிதில் நானும் கூட எண்ணுகிற கோபிநாத்தும் மெனக்கெட்டு எண்ணி, ஒருநாள் இருவருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. பெருமையாக நின்றோம்.

“எங்கே பேசினீர்கள்?” என்றார் மேடம் ஆங்கிலத்தில்.

“பேசவே இல்லை மேடம்.”

“தேநீர் குடிக்கும்போதா?”

“சத்தியமாகப் பேசவில்லை மேடம்.”

அவர் சீட்டுகளைக் கீழே வைத்தார். “கை காட்டுங்கள்.”

நீட்டினோம். இரண்டு பேர் கட்டைவிரலிலும் கீறல், கோபிநாத்துக்குப் பிளாஸ்திரி. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “சரி, தற்செயல்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகுதான் கவனித்தேன். அவர் சீட்டைப் பிரிக்கும் முன் எப்போதும் எங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடம் இப்படிப் போயிற்று. ஒரே டப்பா, ஒரே மடிப்பு, பிளாஸ்திரி மட்டும் பிராண்டு மாறியது. மேடம் ஓய்வு பெற்றார். சில வருடத்தில் காலமானார். நான் தலைவனானேன். பிஸ்கட் டப்பா என் மேஜைக்கு வந்தது. அதில் சீட்டைப் போடுகிறவனும் நான், பிரிக்கிறவனும் நான் என்று ஆனது எந்த நாளில் என்று எனக்கே தெரியவில்லை.

மாதேவியின் ஊருக்கு நாங்கள் போனது அந்தக் காலத்தில்தான். பாலம் கட்டத் தோண்டிய மண் ஆற்றில் கரைந்து படுகையின் பெரும்பகுதியை மூடிவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஊருக்கு எதிரே ஒரு பாறைத் திட்டு. பெண்கள் அதை ஹளேபண்டெ என்பார்கள், பழைய பாறை என்று அர்த்தம். எங்கள் கோப்பில் அதற்குப் பெயர் தளம் நான்கு. அங்கே பை வைக்கலாம், ஆனால் இரண்டு வருடம் யாரும் கை வைக்கக் கூடாது, முதல் வருட எண்ணிக்கை தேறாவிட்டால் திறந்துவிடலாம் என்றேன்.

மீன் கொட்டகையில் கூட்டம். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கன்னடத்திலும் கொங்கணியிலும் என்னைத் திட்டினார்கள். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதால் பாதித் திட்டு மட்டும் புரிந்தது. கடைசியில் மாதேவிதான் எழுந்தார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“இந்த ஆளு மூஞ்சியப் பாத்தா ஏமாத்தத் தெரிஞ்ச ஆளு மாதிரி இல்ல. அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ரெண்டு வருஷம் விட்டுப் பாப்போம்.”

கொட்டகை சிரித்தது. கையைத் தூக்கினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்றிதழ் அதுதான். அதைத்தான் நான் பொய்யாக்கினேன்.

தவறு ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில், பை வைக்கும் நாள். மழை ஓய்ந்து, ஆற்று நீர் வடிந்து, உப்பு நன்றாக ஏறியபின் வைக்க வேண்டும். சீக்கிரம் வைத்தால் சிப்பிக் குஞ்சு வருவதற்குள் சேறும் கொட்டலசும் இடத்தைப் பிடித்துவிடும். ஆனால் தொடக்கவிழாவுக்கு வரவேண்டிய விருந்தினருக்கு வேறு நாள் தோதுப்படவில்லை. மாதேவி தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இன்னும் இனிப்பா இருக்கே சார். மூணு வாரமாவது போகணும்.”

உப்பு அளக்கும் என் கருவியும் அதையேதான் சொன்னது. இரண்டு பேர் ஒத்துப்போன பிறகும் நான் விருந்தினர் பக்கம் நின்றேன். ரிப்பன் வெட்டி, கைதட்டி, பைகளை இறக்கினோம். அழைப்பிதழ் எல்லாருக்கும் போயிருந்தது, சிப்பிக் குஞ்சுகளைத் தவிர.

அடுத்தது எண்ணிக்கை. ஆறு வாரம் கழித்து நானும் கோபிநாத்தும் போக வேண்டும். கோபிநாத் மகள் கல்யாணத்துக்கு லீவு. எனக்கு முழங்கால் வலி. வலி நிஜம்தான், ஆனால் பஸ் ஏற முடியாத அளவு இல்லை. இருபத்தைந்து வருடம் ஒரே பஸ்ஸில், ஒரே சேற்றுக்கு. அலுத்துப் போயிருந்தது. இதற்கு மேல் நாகரிகமான வார்த்தை என்னிடம் இல்லை. களத்தில் இருந்த உதவியாளரிடம், ஓடுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு பொட்டையும் சிவப்பு வட்டமிட்டு எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. பிரமாதமான எண்.

சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட்டேன். இரண்டாவது சீட்டு வேண்டுமே? கோபிநாத் பெயரில் நானே எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். அதிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதவில்லை. முந்நூற்று ஐந்து என்று எழுதினேன். அப்படியே ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று மேடம் கற்றுக் கொடுத்திருந்தாரே! அவர் பொய்யைக் கண்டுபிடிக்க வைத்திருந்த முறையில், கண்டுபிடிக்கவே முடியாத பொய்யை எப்படிச் சொல்வது என்று நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

படத்தோடு உதவியாளர் ஒரு வரி எழுதியிருந்தார். ‘மாதேவி அக்கா இது கையைக் கிழிக்குது, சிப்பி இல்லேன்னு சொல்றாங்க சார்.’ அறிக்கையில் அதையும் விடாமல் சேர்த்தேன், ‘உள்ளூர் மக்களிடையே சில ஐயங்கள் உள்ளன’ என்று. படுகை நன்றாகத் தேறி வருகிறது, மூடலைத் தொடரவும் என்று முடித்தேன்.

அடுத்த வருடமும் மூடினார்கள். பெண்கள் மறுகரைக்குப் போனார்கள். மாதேவியின் நாத்தனார் அங்கே வழுக்கி விழுந்து, பாறையில் பாதம் கிழிந்து, இரண்டு மாதம் நடக்க முடியாமல் கிடந்தார். எனக்கு இது அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளும் தூரத்தில் நான் இல்லை.

இரண்டாம் வருட முடிவில், வளர்ந்த சிப்பிகளைக் காட்டி எல்லாரையும் பாராட்டலாம் என்று மைசூர்பாகு டப்பாவோடு போய் இறங்கினேன். கரையில் மாதேவி தனியாக நின்றிருந்தார். டப்பாவை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. தட்டியிலிருந்து ஒரு பையை இழுத்து, ஒரு ஓட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“விரல் வச்சுப் பாருங்க.”

வைத்து இழுத்தேன். பிடித்து நிறுத்தியது. இன்னொரு ஓடு. அதுவும். பைக்குப் பை பார்த்தோம். சிப்பி இல்லாமல் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. மற்றதெல்லாம் கொட்டலசு, வளர்ந்து, செத்து, வெறும் கூடாகி நின்றது. ஹளேபண்டெயின் பாறையும் அப்படித்தான் ஆகியிருந்தது.

“அந்த வருஷம் எண்ணினது யாரு சார்?”

“நான்தான்.”

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். அன்று இழுத்ததில் வந்த புதுக் கீறல் இரண்டு. மாதேவி அதைப் பார்க்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பழைய தழும்பைத் தேடினார். முந்தைய வருடங்களின் கீறல்கள் எப்போதோ ஆறி மறைந்திருந்தன.

“இது பேனா புடிக்கற விரலு. எண்ணுற விரல் இல்ல.” கையை விட்டார். “நான்தான் அவங்ககிட்ட உங்களுக்காகப் பேசினேன். இப்ப படுகைய பெங்களூர்க்காரனுக்கு வித்துட்டேங்கறாளுக. நாத்தனா எங்கிட்டப் பேசறதில்ல.”

“மன்னிச்சுடுங்கம்மா.”

“மன்னிச்சு என்ன பண்றது? அது உங்களுக்கு ஆகும், எனக்கு ஆகாது. எழுதிக் குடுங்க. அன்னிக்கு எண்ணினது தப்பு, மாதேவி சொன்னதுதான் சரின்னு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கொட்டகையில ஒட்டணும்.”

அங்கேயே, மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கன்னடத்தில் எழுதினேன். தளம் நான்கு என்று தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“அது எந்த ஊரு?”

“இதுதாம்மா. எங்க கோப்புல இப்படித்தான்.”

“எங்க பாறைக்குப் பேர் இருக்கு. அத எழுதுங்க.”

அடித்துவிட்டு ஹளேபண்டெ என்று எழுதினேன். அறிக்கை தவறு, எண்ணியவன் நான், ஒருவனே எண்ணினேன், போட்டோ பார்த்து எண்ணினேன், மாதேவி அப்போதே சொன்னார், நான் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் ஒரு வரிகூடத் திருத்தத் தேவையில்லாத ஒரே ஆவணம் அது. மைசூர்பாகை பஸ்ஸில் நானே தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கம்.

பெங்களூர் திரும்பி அப்போதைய இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், எல்லாருக்கும் நல்ல மனிதர்.

“திட்டமே முடிஞ்சுபோச்சு சீனிவாசன். முடிஞ்ச திட்டத்துக்கு எதுக்குத் திருத்தம்? அந்த ஜனங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க இல்ல? மனசு திருப்தி ஆச்சு இல்ல? பிடி, அவ்வளவுதான்.”

பிடி என்றால் கன்னடத்தில் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். விட்டுவிட்டேன். ஓய்வு வரைக்கும் நூலகக் குழுவில் இருந்தேன். அங்கே புத்தகங்களை எண்ண வேண்டியிருந்தது. யாரும் கை வைக்காததால் எண்ணிக்கை மாறவே இல்லை.

இந்த மூட்டையோடுதான் நந்தினி கூப்பிட்ட இடத்துக்குப் போனேன். என் பழைய அறையில் பெரிய திரை. படங்கள் ஒவ்வொன்றாக வரும், சாஃப்ட்வேர் பச்சை வட்டமிட்டு எண்ணும், நான் சரி அல்லது தவறு என்று அழுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்தது. அதைவிடப் பெரிய வலி ஒன்று மெல்லத் தெரிந்தது. இயந்திரம் கொட்டலசை எல்லாம் சிப்பி என்றது. எப்போதாவது இல்லை, எப்போதும். அதுவும் எங்கேயோ பார்த்த மாதிரி ஒரு நம்பிக்கையோடு.

“இதுக்கு எதப் பாத்து எண்ணக் கத்துக்குடுத்தீங்க நந்தினி?”

“ஆர்க்கைவ்ஸ்ல இருந்துதான் சார். ஒண்ணு ஒண்ணா வட்டம் போட்டு மார்க் பண்ண போட்டோ வேணும் இல்லையா? அப்படி ஒரே ஒரு செட்தான் இருந்துச்சு. தளம் நான்கு. அதுலயும் ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி, லேசா வித்தியாசம் மட்டும் இருந்த டேட்டா. ரொம்ப நம்பகமானதுன்னு அதையே பேஸா எடுத்துக்கிட்டோம்.”

திரையில் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். என் சிவப்பு வட்டங்கள். பக்கத்தில் ஸ்கேன் செய்த இரண்டு சீட்டுகள்.

எவ்வளவு நியாயம் பாருங்கள். இருபத்தைந்து வருடம் விரலைக் கிழித்துக்கொண்டு எண்ணினோம். விரலால் எண்ணியதற்குப் படம் கிடையாது. சோம்பேறித்தனமாக எண்ணிய ஒரே ஒரு பருவத்துக்குத்தான் படமும் வட்டமும் இருந்தன. இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை அப்படியே நம்பியது. இவ்வளவு விசுவாசமான மாணவன் எனக்கு வேறு யாரும் அமையவில்லை.

நந்தினி திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“சார், ரெண்டு சீட்டும் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கே?”

“மாதிரி இல்ல.”

அவர் திரும்பினார். மேலே எழுதியிருப்பதை எல்லாம் அவரிடம் சொன்னேன். இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக, இதைவிட மோசமாக.  கேட்டு முடித்து அவர் பேசியதில் ‘சார்’ இருந்தது, மரியாதை இல்லை. அது நியாயம்தான்.

“வெள்ளிக்கிழம டெமோ சார். டைரக்டர் வர்றாரு. இத எடுத்துட்டா மொத்தமும் விழுந்துடும்.”

“விழட்டும்.”

“உங்களுக்கென்ன சார், ஈஸியா சொல்றீங்க. நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க.”

“ஆமா. ஆகறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லல. அதான் உங்க டெமோ இப்படி ஆச்சு. எடுக்கலேன்னா அந்தப் பொம்பளைங்கள மறுபடியும் மறுகரைக்கு அனுப்புவீங்க. இந்தத் தடவ அதுல உங்க கையெழுத்து இருக்கும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அந்த நாற்காலி அப்படிச் சாய்ந்து கண் மூட வசதியானது என்பது எனக்குத் தெரியும். நான் அப்படியே சில வருடம் இருந்திருக்கிறேன். அவர் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்.

“எழுதிக் குடுங்க சார்,” என்றார். மாதேவி கேட்ட அதே சொல். “ஆபீஸுக்கு. இங்க்லீஷ்ல. இந்தத் தடவ ஆர்க்கைவ்ஸ்ல ஏறணும்.”

எழுதினேன். ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்கி ஒரு அறிக்கை எழுதியது அதுவே முதல் முறை. தளம் நான்கு என்று எழுதி, அதற்கு இன்னொரு பெயர் ஹளேபண்டெ என்றும் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை டெமோ நடக்கவில்லை. இயக்குநர் நந்தினியை என்ன சொன்னார் என்று தெரியாது, அவர் என்னிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து ஆற்றுமுகத்துக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். முழங்கால் என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே முழங்கால்தான், ஆனால் யார் நம்புவார்கள்?

நேற்று பகலில் போன் வந்தது. பின்னால் காற்றும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது.

“எண்ணிட்டோம் சார். ஒரே பைய நானும் எண்ணினேன், மாதேவி அக்காவும் எண்ணினாங்க. தனித்தனியா. அவங்க சீட்ட எங்கிட்ட காட்டவே இல்ல, ஜாக்கெட்டுக்குள்ள சொருகி வச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு நாப்பத்தொண்ணு, எனக்கு நாப்பத்தாறு. சாஃப்ட்வேர் நூத்து எண்பது சொல்லுது.”

“மூடறீங்களா?”

“எப்படி சார் மூடறது? தேறுதுன்னு சொல்ல இந்தக் கணக்கு போதாது. இந்த வருஷம் தொறந்தே இருக்கட்டும்னு எழுதப்போறேன். அடுத்த தடவ பைய மட்டும் உப்பு ஏறினதுக்கப்புறம் வைக்கறோம். தேதிய அக்கா சொல்லுவாங்க.”

“உங்க லெட்டர் இன்னும் கொட்டகையில இருக்கு சார்,” என்றும் சொன்னார். “பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டியிருக்காங்க. பாதி எழுத்து போயிடுச்சு. உங்க பேர் மட்டும் நல்லாத் தெரியுது.”

 அதற்குள் மாதேவி போனை வாங்கிக்கொண்டார். நலமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“சார், உங்க ஆபீஸ் பொண்ணு கட்டவிரலக் கிழிச்சுக்கிட்டா. ரத்தம் நிக்கல. மஞ்சள் வச்சுக் கட்டியிருக்கேன்.”

“ரொம்பக் கிழிஞ்சுடுச்சா?”

“கிழியாம?” என்றார் மாதேவி. “எண்ணியிருக்கா இல்ல.”